கோணல் தங்க வாட்ச் வாங்கும் முன்

வட்ட வாட்சில் கேஸ், அதாவது வெளிக்கூடு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது சுலபம். ஸ்ட்ராப் மாட்டும் நான்கு கொம்புகளையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் போதும், மெலிந்தது எது என்று உடனே தெரிந்துவிடும். 1950களின் கடைசி முதல் 1970களின் நடுப்பகுதி வரை ஜெனீவாவிலும் லண்டனிலும் அமெரிக்காவிலும் வந்த கோணல்மாணலான தங்க வாட்சுகளில் அந்த வசதி கிடையாது. இடப்பக்கம் ஒரு மாதிரி இருக்கும், வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். வடிவமைத்தவர் வைத்த வளைவு எது, பாலிஷ் போட்டவர் கரைத்த வளைவு எது என்று பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. இந்த வகை வாட்சில் பணத்தைக் கோட்டை விடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். மெஷின் நின்றுபோனால் ஓட வைக்கலாம். கண்ணாடி உடைந்தால் வெட்டிப் போடலாம். கரைந்த விளிம்பில் லேசர் வெல்டிங் வைத்துத் தங்கம் ஏற்றலாம்தான், ஆனால் அது புதுத் தங்கம், புது விளிம்பு.

எதெல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும்? 1957 ஜனவரியில் ஹாமில்டன் கொண்டுவந்த வென்ச்சுராவில் தொடங்கலாம். ரிச்சர்ட் ஆர்பிப் வரைந்த, கேடயம் போன்ற முக்கோண 14 காரட் கேஸ். கடைக்கு வந்த முதல் பேட்டரி கைக்கடிகாரமும் அதுதான். ஜெனீவாவில் 1955 முதல் 1962 வரை படேக் ஃபிலிப் கம்பெனியில் இருந்த வடிவமைப்பாளர் ஜில்பேர் அல்பேர், 3422, 3424 போன்ற மாடல் எண்களில் சாய்சதுரமும் முக்கோணமும் கலந்த கேஸ்களைப் போட்டார். ஓடேமார் பிகே 1959 முதல் 1963 வரை முப்பதுக்கும் மேற்பட்ட சமச்சீரற்ற மாடல்களைச் செய்தது. அவற்றில் பெரும்பாலானவை பத்துக்கும் குறைவான எண்ணிக்கையில்தான் வந்தன. 1967-இல் கார்ட்டியேயின் லண்டன் கடை, ஷான்-ஷாக் கார்ட்டியேயும் வடிவமைப்பாளர் ரூபர்ட் எம்மர்சனும் சேர்ந்து யோசித்த 'கிராஷ்' என்ற வாட்சைச் செய்தது. (கார் விபத்தில் உருகிய வாட்சைப் பார்த்துச் செய்தது என்பது விற்பனைக்காரர்களின் கதை. அந்தக் கதைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.) 1969-70-இல் ஒமேகாவுக்காக ஆண்ட்ரூ க்ரிமா செய்த 'அபவுட் டைம்' வரிசையில் கண்ணாடிக்குப் பதில் வெட்டிய ரத்தினக் கல் இருக்கும், அதன் வழியாகத்தான் மணி பார்க்க வேண்டும். பியாஜே 1957-இல் 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள 9பி மெஷினையும், 1960-இல் 2.3 மில்லிமீட்டர் 12பி ஆட்டோமேட்டிக்கையும் கொண்டுவந்தது. மெஷின் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால்தான் கல் டயலும் அகலத் தங்கக் காப்பு வாட்சும் சாத்தியமாயின.

இவை இன்று அபூர்வமாக இருப்பதற்கு, குறைவாகச் செய்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் உலை. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்சுக்கு 850 டாலர் போனபோது, பழைய தங்க வாட்சுகள் எடைக்கு விலைபோயின. மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேஸை உருக்கினார்கள். கேஸ் இல்லாத நல்ல பழைய மெஷின்கள் சந்தையில் நிறையக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மெஷின்களை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் கிராஷை மறந்துவிடலாம். 2022-இல் 1967 லண்டன் கிராஷ் ஒன்று 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. நல்ல தொடக்கம் 14 காரட் வென்ச்சுரா, அல்லது பெரிய பெயர் இல்லாத ஜெனீவா, பீல் ஆகிய சுவிஸ் ஊர்க் கம்பெனிகளின், தங்கத்தில் மரப்பட்டை போன்ற வேலைப்பாடு செய்த 18 காரட் வாட்சுகள். வேலைப்பாட்டில் பல சமயம் பெரிய பெயர்களுக்கு இவை சளைத்தவை அல்ல. பெயர் இல்லாததால் விலை மட்டும் குறைவாக இருக்கும்.

முத்திரையைப் படிப்பது

முதலில் பின்மூடியின் உள்பக்கம். சுவிஸ் கேஸில் 1995 வரை 18 காரட்டுக்கு ஹெல்வேஷியா என்னும் பெண் தலை, 14 காரட்டுக்கு அணில். 1995-இலிருந்து செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. 1962 வாட்ச் என்று சொல்லி விற்பதில் நாய்த் தலை இருந்தால், அந்தக் கேஸ் 1995-க்கு முந்தியதாக இருக்க முடியாது, பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பெண் தலை ஒரே இடத்தில் இருந்தால் போதாது. பின்மூடி, கேஸின் உடல் (வழக்கமாகக் கொம்பின் அடியில்), தங்கச் செயின் இருந்தால் அதன் கொக்கி என்று தனித்தனியாகத் தேடுங்கள். பின்மூடியில் மட்டும் இருந்து உடலில் இல்லாவிட்டால், மூடி வேறு வாட்சிலிருந்து வந்ததா என்று கேட்க வேண்டும். கூடவே கேஸ் செய்தவரின் குறி இருக்கும்: ஜெனீவா பட்டறை என்றால் எண்ணோடு ஒரு சின்னச் சாவி, நௌஷாத்தெல் பக்கம் என்றால் எண்ணோடு ஒரு சுத்தியல்.

லண்டன் கேஸில் பட்டறையின் எழுத்துகள், மகுடத்தோடு 18, லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, ஆண்டுக்கு ஓர் எழுத்து. ஆண்டு எழுத்து வருஷா வருஷம் மாறும். 1967-க்கு ஆங்கிலச் சின்ன எம். பிரான்சில் 18 காரட்டுக்குக் கழுகுத் தலை, வெளிநாட்டிலிருந்து வந்த தங்கத்துக்கு ஆந்தை. அமெரிக்கக் கேஸில் '14 கே' என்ற எழுத்து மட்டுமே இருக்கலாம், அதில் தவறில்லை. இறக்குமதி வரியைக் குறைக்க, சுவிஸ் மெஷினை மட்டும் வரவழைத்து அமெரிக்காவிலேயே கேஸ் போட்டு விற்ற வாட்சுகள் ஏராளம். அப்படி வந்த மெஷினில், ஆடும் பேலன்ஸ் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாலத்தில் மூன்றெழுத்து இறக்குமதிக் குறி இருக்கும், படேக்குக்கு எச்.ஓ.எக்ஸ்., ஒமேகாவுக்கு ஓ.எக்ஸ்.ஜி. சுவிஸ் கேஸ் என்று சொல்லி, உள்ளே வெறும் '18 கே 750' மட்டும் அடித்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஜி.எஃப்., ஆர்.ஜி.பி., '20 மைக்ரான்', பின்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பிரெஞ்சு வாசகம், இதில் எது இருந்தாலும் அது முலாம் அல்லது தங்கத் தகடு. நகைக்கடைக் காரட் மீட்டர் தங்கத்தின் மேற்பரப்பைத்தான் படிக்கும். 20 மைக்ரான் முலாம் அதை ஏமாற்றிவிடும். அதே சமயம், உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் கையில் கொடுக்காதீர்கள். வளையலில் அந்த ஒரு கோடு மறைந்துவிடும். கோணல் கேஸின் விளிம்பில் அது விலையைக் குறைக்கும் காயம். மாற்றுப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், மெஷினைக் கழற்றிவிட்டு வெறும் கேஸைத் தண்ணீரில் எடை போடுங்கள். காற்றில் உள்ள எடையைத் தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 18 காரட் மஞ்சள் தங்கம் 15.2 முதல் 15.9 வரை, 14 காரட் 13-ஐ ஒட்டி வரும். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், உள்ளே காற்றுக் குமிழி சிக்கியிருக்கக் கூடாது.

தேய்மானம் பார்ப்பது

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். கேஸின் தட்டையான முகம் ஒன்றில் விளக்கின் கோடு விழும்படி பிடித்து, மெல்லத் திருப்புங்கள். கை படாத கேஸில் அந்த ஒளிக்கோடு நேராக ஓடி, விளிம்பு வந்ததும் சட்டென்று அறுந்து, அடுத்த முகத்தில் புதிதாகத் தொடங்கும். பாலிஷ் போட்ட கேஸில் கோடு அறுபடாது; விளிம்பைச் சுற்றி வழிந்து அந்தப் பக்கம் போகும், தேய்ந்த சோப்புக் கட்டியில் வெளிச்சம் வழிவது போல. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அடுத்து படம். அதே எண்ணுள்ள வாட்சின் ஏலப் பட்டியல் படங்கள் இரண்டு மூன்றைத் தேடி எடுங்கள், கூடிய வரை பழையவை. உங்கள் வாட்சை நேர் மேலிருந்து, குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் கோணல் கேஸ் இன்னும் கோணலாகும், ஒப்பீடு பயனற்றுப் போகும். இரண்டு படங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பாதி ஒளிபுகும்படி வைத்து, டயலின் மணிக்குறிகளைப் பொருத்துங்கள். டயல் தேயாது, அதனால் அதுதான் அளவுகோல். குறிகள் பொருந்திய பிறகு கேஸின் கூர்முனைகள் உள்ளே அடங்கி நின்றால், அங்கே தங்கம் போயிருக்கிறது. முதலில் போவது எப்போதும் கூர்முனைதான், ஏனென்றால் பாலிஷ் சக்கரம் அங்கேதான் அதிக நேரம் உரசும். வெர்னியரில் அளப்பதென்றால் பிளாஸ்டிக் தாடை உள்ளதை எடுங்கள், அல்லது இரும்புத் தாடையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தின் தடிமனை மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மரப்பட்டை வேலைப்பாட்டில் வேறு அடையாளம். மேடுகள் தட்டையாகிக் கண்ணாடி போல மின்னும், பள்ளங்கள் மட்டும் பழைய மங்கலோடு இருக்கும். பெண் தலை முத்திரையில் முடியிழைகள் இன்னும் தெரிகின்றனவா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கொம்பில் துளைகள் இருந்தால், அவற்றின் வாய் கூம்பாக விரிந்திருப்பதும் பாலிஷின் வேலையே.

சின்னக் கீறல்களோடு, மங்கலாக, அழுக்கேறிக் கிடக்கும் வாட்ச் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். பளபளவென்று இருப்பதைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். நகைக்கடையில் பழகிய நமக்கு இது தலைகீழ் பாடம்தான்.

டயலும் கல்லும்

திரும்ப எழுதிய டயலில் எழுத்துகளின் ஓரம் லென்ஸில் பிசிறடிக்கும், நிமிடக் கோடுகள் ஒட்டிய தங்கக் குறிகளின் நடுவில் வந்து நிற்காது. படேக் போன்றவை அந்தக் காலத்தில் பெயரை டயலில் செதுக்கி எனாமல் நிரப்பின. அழுத்தித் துடைத்தால் எனாமல் உதிர்ந்து, எழுத்தின் மெல்லிய கோடுகள் முதலில் காணாமல் போகும். ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் கிரேக்க சிக்மா எழுத்து இருந்தால், குறிகளும் முட்களும் தங்கம் என்று பொருள். ஆனால் அந்த வழக்கம் 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது. 1960 வாட்சில் சிக்மா டயல் இருந்தால் அது பின்னால் மாற்றிய டயல்.

கல் டயல் வேறு விவகாரம். லாபிஸ், மாலகைட், புலிக்கண், ஓனிக்ஸ், டர்க்காய்ஸ் என்று எதுவானாலும் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். முள்ளை இழுத்துக் கழற்றும்போது நடுத்துளையின் ஓரத்தில் அழுத்தம் விழுந்து மயிரிழை விரிசல் ஓடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் நடுத்துளையிலிருந்து வெளியே போகும் கோடு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். மாலகைட்டில் இயற்கை வரியும் விரிசலும் ஒன்று போலவே தோன்றும். வரியில் நிறம் மாறும், விரிசலில் ஒளி மாறும். புற ஊதா டார்ச் அடித்தால் பிசின் அடைத்த இடம் பெரும்பாலும் வெளிறி ஒளிரும். உடைந்த கல்லுக்குப் பதில் புதுக்கல் வெட்டிப் போட முடியும், ஆனால் கொஞ்சம் தடித்துவிட்டாலும் முள் உரசும். மாலகைட்டும் டர்க்காய்ஸும் மென்மையானவை. எண்ணெய், அமிலம், அல்ட்ராசோனிக் தொட்டி மூன்றும் ஆகாது.

மெஷின்

கேஸை உருக்கியபோது மிஞ்சிய மெஷின்கள் பற்றிச் சொன்னோம். அவற்றுக்குப் புதுக் கோணல் கேஸ் செய்து விற்பதுதான் இந்தத் துறையின் பெரிய மோசடி. பெயர் உண்மை, மெஷின் உண்மை, கேஸ் மட்டும் நேற்றுச் செய்தது. திறந்து பார்த்தால் தெரியும். மெஷினுக்கும் கேஸுக்கும் நடுவே கைவேலையாக அரவிய வளையம் இருக்கும். டயலை மெஷினில் பொருத்தும் கால்களை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டியிருப்பார்கள். கேஸைப் பிடிக்கும் திருகின் தலை, மெஷின் தட்டில் பழைய தடம் இருக்கும் இடத்தில் உட்காராது. சாவித் தண்டு லேசாகச் சாய்ந்து நுழையும்.

படேக், வஷரோன் போன்ற கம்பெனிகளிடம் எண்களை எழுதிக் கொடுத்தால் ஆவணக் குறிப்பு தருவார்கள்: செய்த ஆண்டு, விற்ற தேதி, கேஸின் உலோகம், எண்கள். அது பதிவேட்டில் இருப்பதைச் சொல்கிறது, உங்கள் கையில் உள்ள பொருளைப் பார்த்துச் சொன்னதில்லை. அந்த எண்ணைப் போலிக் கேஸில் அடிக்கவும் ஆள் உண்டு.

சாவி கொடுக்கும் மெல்லிய மெஷினை ஓட்டம் அளக்கும் டைமிங் கருவியில் வைத்தால், முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி இருக்கும்போது ஆம்பிளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் வீச்சு) 230 முதல் 250 பாகை வந்தாலே நிம்மதி. 200-க்குக் கீழே இறங்கினால் ஆயில் சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பியாஜே 9பி அளவு மெல்லிய மெஷினைத் தெரியாதவர் கையில் கொடுத்தால், பாலத்தைக் கொஞ்சம் அதிகம் இறுக்கியே கெடுத்துவிடுவார்.

வென்ச்சுராவுக்குத் தனிக் கவனம். அசல் 500 மெஷினில் பேலன்ஸ் சக்கரத்தின் மேலேயே கம்பிச் சுருள் இருக்கும், அது காந்தங்களுக்கு மேல் ஆடும். மின்சாரத்தை இணைத்துத் துண்டிப்பவை மயிரிழை போன்ற தொடுகம்பிகள். அவை தீய்ந்தோ வளைந்தோ போவதுதான் இந்த மெஷினின் தீராத நோய். 1961-இல் வந்த 505-இல் இது பெரும்பாலும் சரியானது. சாதாரண ரிப்பேர் கடையில் பழக்கதோஷத்தில் காந்தம் எடுக்கும் கருவியில் வைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் காந்தம் பலவீனமாகிவிட்டால் மெஷினின் உயிர் போயிற்று. புலோவாவின் ட்யூனிங் ஃபோர்க் வாட்சான அக்யூட்ரானுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொடுக்கும்போதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, பழைய தங்கக் கேஸில் குவார்ட்ஸ் போட்ட வென்ச்சுராக்கள். வினாடி முள்ளைப் பாருங்கள். வினாடிக்கு ஒரு தாவு என்றால் குவார்ட்ஸ். அசல் எலக்ட்ரிக்கில் ஒரு வினாடிக்குள் பல சிறு தாவுகள், ஏறக்குறைய ஓட்டம் போலவே தெரியும். 1970-இல் சுவிஸ் கம்பெனிகள் கூட்டாகக் கொண்டுவந்த பீட்டா 21 குவார்ட்ஸ் வாட்சுகளும் கனமான தங்கக் கேஸில் கிடைக்கும். 8192 ஹெர்ட்ஸில் ஓடிய வரலாற்றுப் பொருள், ஆனால் மின்சுற்று செத்தால் இன்னொரு பீட்டா 21-ஐப் பலி கொடுத்துத்தான் உதிரி எடுக்க வேண்டும். ஓடாததை வாங்க வேண்டாம்.

செயினும் விலையும்

கேஸோடு சேர்த்து நெய்த தங்கச் செயினில் மூன்றைப் பாருங்கள்: நீளம், தொய்வு, வெட்டு. வாட்சைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தால் நல்ல செயின் ஏறக்குறைய நேராக நிற்கும், தேய்ந்தது வில்லாகத் தொங்கும். முந்தைய உரிமையாளரின் மணிக்கட்டுக்கு ஏற்ப வெட்டிய துண்டு பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நீட்டுவது கடினம். எந்த ஆசாரி செய்தாலும் பழைய மரப்பட்டை வேலைப்பாடும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

தங்கத்தின் எடை விலை எப்போதும் தரை விலை. செயினோடு 62 கிராம் எடையுள்ள 18 காரட் வாட்சில், மெஷின், டயல், கண்ணாடிக்கு 10 கிராம் கழியுங்கள். மிச்சம் 52-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 39 கிராம் சுத்தத் தங்கம். 22 காரட் கணக்கில் ஐந்து பவுனுக்குக் கொஞ்சம் மேல். தேய்ந்த, பெயரில்லாத வாட்சுக்கு இந்தத் தரையைத் தாண்டிக் கொஞ்சம்தான் தரலாம். கேஸ் கூர்மையாக இருந்தால் தரை விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏலத்தில் எடுத்தால், சுத்தியல் விலையோடு (ஏலத்தில் முடிவான விலை) வாங்குபவர் கமிஷன் பெரிய நிறுவனங்களில் 25 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். அதன் பிறகுதான் அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ், சுங்கம். உங்கள் உச்ச விலையை இவற்றையெல்லாம் கழித்த பிறகு எழுதி வையுங்கள்.

ஏலத்துக்கு முன் நிலை அறிக்கை கேட்கும்போது "நிலை எப்படி" என்று கேட்டால் "வயதுக்கேற்ற நல்ல நிலை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: பின்மூடியின் உள்பக்க முத்திரைகளின் படம் வேண்டும், கொம்பின் அடியில் முத்திரை உண்டா, டயல் திரும்ப எழுதியதா, டயலின் கால்கள் இருக்கின்றனவா, கண்ணாடி அசலா, செயினின் உள்சுற்று எத்தனை மில்லிமீட்டர், கேஸில் வெல்டிங் உண்டா. முதலைத் தோல் ஸ்ட்ராப் இருந்தால் வனவிலங்குச் சட்டத்தால் பல நாடுகளுக்கு அதைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அசல் பக்கிளைத் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஸ்ட்ராப்போடு அதுவும் போய்விடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கோணல் கேஸின் பின்மூடி ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும். விளிம்பில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும், அங்கே மட்டும்தான் கத்தியைக் கொடுக்க வேண்டும், கத்தி முனையில் டேப் சுற்றியிருக்க வேண்டும். மூடும்போது கட்டைவிரலால் சுற்றி வர அழுத்துங்கள். பிரஸ்ஸில் வைத்து நசுக்கினால் மூடி நெளியும்.

அக்ரிலிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பாலிஷ் பேஸ்ட் போதும். வடிவத்துக்கேற்ற மாற்றுக் கண்ணாடி கடையில் கிடைக்காது, அக்ரிலிக் தகட்டை வார்ப்புக்கேற்ப வெட்டி, அரவி, தேய்த்து உட்கார வைக்க வேண்டும். உடைந்த அசலின் துண்டுகளையும் வைத்திருங்கள், அவைதான் வார்ப்பு.

இந்த வாட்சுகளில் எதுவும் தண்ணீர் தாங்காது. சென்னை வெயிலில் வியர்வையே போதும் டயலைக் கறுக்க வைக்க. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஓபல் டயலைத் தவிர. ஓபலுக்குள் தண்ணீர் உண்டு, அதீத வறட்சியில் அது வெடிக்கும். பேட்டரி வாட்சைக் கட்டாத மாதங்களில் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

புது ஸ்ட்ராப்புக்கு அட்டையில் வார்ப்பு வெட்டி எடுத்துக்கொண்டு தோல் வேலை செய்பவரிடம் போங்கள். மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் அகலம் மாறலாம், இரண்டையும் தனித்தனியாக வெட்டி, எது மேல் என்று அட்டையிலேயே எழுதுங்கள். பழைய ஸ்ட்ராப்பைத் தூக்கிப் போட வேண்டாம். காகித உறையில் போட்டு, வாட்சின் எண்ணை மேலே எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும்.